சுருள்முடிப் பூனையும் பூட்டிய வீடும்

பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது, டெவன் ரெக்ஸ் என்னும் சுருள்முடிப் பூனை நம் பக்கத்து வெயிலைத் தாங்குமா என்பது. ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தபோது, உங்கள் உண்மையான கேள்வி வெயிலைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தோன்றியது. கோயம்புத்தூரில் ஒருவர் இரண்டரை மாதக் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்லி, தந்தை டெவன் ரெக்ஸ், தாய் பெர்சியன் என்று கூறி, ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். முடி உதிராது, அதனால் தூசி ஒவ்வாமையும் இழுப்பும் உள்ள உங்கள் கணவருக்குத் தொந்தரவு வராது, நீங்கள் இருவரும் காலை எட்டரைக்குப் பூட்டிக்கொண்டு போய் மாலை ஆறரைக்குத் திரும்பும் வரை குட்டி சமர்த்தாகத் தூங்கிக் கிடக்கும் என்று மூன்று உறுதிகளும் தருகிறார். அந்த மூன்றையும் நம்பலாமா என்பதே கேள்வி. மூன்றுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். ஆனால் மூன்றும் ஒரே அளவில் பொய் அல்ல என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் படித்து, 22 ஆண்டுகளாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் கறவை மாடும் ஆடும்தான். பூனைகள் இந்தப் பத்தாண்டாகத்தான் அதிகம் வருகின்றன. அவற்றிலும் நாட்டுப் பூனைக்கும் பெர்சியனுக்கும் அடுத்துத்தான் மற்றவை. சுருள்முடிப் பூனைகளை நான் தொட்டுப் பார்த்தது மொத்தம் நான்கு: மூன்று டெவன் ரெக்ஸ், ஒரு கார்னிஷ் ரெக்ஸ். ஆகவே தோல், காது, தீனி பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. மரபணு பற்றிச் சொல்வது படித்தறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தாய் பெர்சியன் என்று அவர் சொன்ன இடத்திலேயே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பக்ஃபாஸ்ட்லீ என்ற சிற்றூரில், கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்கத்தின் பக்கம் திரிந்த சுருள்முடிக் கடுவன் ஒன்றுக்கு 1960-இல் பிறந்த கிர்லீ என்ற குட்டியிலிருந்து வந்தது இந்த இனம். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1950-இல், பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் கல்லிபங்கர் என்ற சுருள்முடிக் குட்டி பிறந்திருந்தது. அதன் வழி வந்ததுதான் கார்னிஷ் ரெக்ஸ். இரண்டும் ஒரே வகைச் சுருள் என்று நினைத்து இணைத்துப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாம் நேர்முடியாக இருந்தன. இரண்டு சுருளுக்கும் காரணமான மரபணு வேறு வேறு என்பதும், இரண்டுமே ஒடுங்கிய பண்புகள் என்பதும், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் ஒவ்வொரு படி (பிரதி) வந்து சேர்ந்தால்தான் முடி சுருளும் என்பதும் அப்போது தெளிவாயிற்று. டெவனுக்குரிய மாற்றம் கே.ஆர்.டி.71 என்ற கெரட்டின் மரபணுவில் இருப்பதாக 2010-இல் கண்டறிந்தார்கள். முடியே இல்லாததுபோல் தோன்றும் ஸ்ஃபிங்ஸ் பூனைக்கும் அதே மரபணுவில்தான் கோளாறு.

இதை உங்கள் குட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். தந்தை அசல் டெவனாகவும் தாய் சாதாரணப் பெர்சியனாகவும் இருந்தால் குட்டிகள் நேர்முடியோடுதான் பிறக்க வேண்டும். அந்தப் பெர்சியன் தாய்க்கும் டெவன் மூதாதை ஒன்று இருந்து, மரபணுவின் ஒரு படியை அது மறைவாகச் சுமந்துகொண்டிருந்தால் மட்டுமே பாதிக் குட்டிகள் சுருளாகும். அப்படி நேர்வது மிக அரிது. செல்கிர்க் ரெக்ஸ் என்ற வேறோர் இனத்தில் ஒரு படி இருந்தாலே முடி சுருளும். ஆனால் அவர் சொல்வது அந்த இனத்தை அல்ல. பெர்சியன் கலப்புக் குட்டிகளின் முடி இரண்டரை மாதத்தில் கொஞ்சம் அலையலையாகக் கிடப்பது வழக்கம், குளிப்பாட்டி அரைகுறையாகக் காயவிட்டால் இன்னும் சுருண்டு தெரியும். நேரில் போனால் உடம்பை விட்டுவிட்டு மீசையைப் பாருங்கள். டெவன் ரெக்ஸின் மீசை குட்டையாக, சுருண்டு, பல இடங்களில் ஒடிந்து, சில சமயம் இல்லாமலே இருக்கும். மீசை நீண்டு நேராக நின்றால் அது டெவன் அல்ல.

முடி உதிராது என்பது பாதி உண்மை. மற்றப் பூனைகளைவிடக் குறைவாக உதிரும். சோபாவில் ஒட்டியிருப்பது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டெவனின் முடி எளிதில் ஒடிவது. குட்டிப் பருவத்தில் பழைய முடி விழுந்து புது முடி வருவதற்கு இடையில் கழுத்திலும் வயிற்றிலும் வழுக்கையாகத் தெரியும் காலம் ஒன்று உண்டு. என்னிடம் வந்த முதல் டெவன் குட்டியைப் படர்தாமரை என்று பயந்துதான் கொண்டுவந்தார்கள். அந்தப் பயத்தில் தவறில்லை, ஏனென்றால் பூனையின் படர்தாமரை வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது சரியல்ல. புற ஊதா விளக்கில் ஒளிராவிட்டாலும் படர்தாமரை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்து, தேவைப்பட்டால் பூஞ்சை வளர்த்துப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். அந்தக் குட்டிக்கு இருந்தது வெறும் முடிமாற்றம்.

இனி உங்கள் கணவருடைய விஷயம். பூனை ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் முடி அல்ல. ஃபெல் டி 1 என்ற புரதம் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகிறது. பூனை தன்னை நக்கும்போது உடம்பெங்கும் பரவி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் மிதக்கிறது. சுருள்முடிப் பூனைக்கும் எச்சில் உண்டு, எண்ணெய்ச் சுரப்பியும் உண்டு. இவ்வளவும் உறுதி. முடி குறைவாக விழுவதால் அந்தப் புரதமும் வீட்டில் குறைவாகப் பரவுமா என்பதுதான் நிறுவப்படாத இடம். இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் பூனைக்குப் பூனை உள்ள வேறுபாடு பெரிது, விதை எடுக்காத கடுவனிடம் அது அதிகம். குளிப்பாட்டினால் குறையும் என்பதும் சில நாள்களுக்குத்தான். அவருக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதாலேயே பூனையும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது; வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணிக்கு வரும் ஒவ்வாமை வேறு, பூனைக்கு வருவது வேறு. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையிலோ இரத்தச் சோதனையிலோ இரண்டையும் தனித்தனியாகக் கண்டுகொள்ளலாம். இழுப்பு உள்ளவர் என்பதால், அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் வீட்டில் எந்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டாம். அவர் சம்மதித்தால், பூனைகள் இருக்கும் வீட்டில் அவர் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குட்டியை எடுத்துவந்து, ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் குட்டி போய்விடும். அந்தப் புரதம் மெத்தையிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் நிற்கும்.

வெயிலைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும்போது என்னிடம் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு வருபவை தட்டை மூக்குப் பெர்சியன்கள்தான். டெவனின் மெல்லிய முடி அந்த நாள்களில் அதற்குச் சாதகமே. ஓட்டு வீடு என்றால் நடுப்பகலில் காற்றோட்டமும் நிழலும் உள்ள ஓர் அறையும், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீரும் வேண்டும். எந்தப் பூனையாக இருந்தாலும் வாயைத் திறந்து இளைப்பது ஆபத்தின் அறிகுறி. சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறியின் முன் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. டெவனைப் படுத்துவது வெயிலைவிட, மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து இரவும் பகலும் வீசும் அந்த வறண்ட காற்றுதான். உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும் முடி அதற்கு இல்லாததால் சூடுள்ள இடத்தைத் தேடித் தேடிப் போகும். இன்வர்ட்டர் மேல், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம், அப்போதுதான் வந்து நின்ற ஸ்கூட்டரின் எஞ்சின் பக்கம், அணைத்து ஐந்து நிமிடம் ஆன அடுப்பின் மேல் என்று எங்கும் படுக்கும். கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டில் கேஸ் அடுப்பின் சூடான தாங்கியில் கால் வைத்து உள்ளங்கால் வெந்து வந்தது. அடுக்களைக்குக் கதவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருக்க வேண்டும்.

முடியைக் காட்டி விற்கிறார்கள், ஆனால் வாங்கியவர் பராமரிக்க வேண்டியது தோலை. சாதாரணப் பூனையில் தோலெண்ணெயை முடி உறிஞ்சிப் பரப்பிவிடும். இதில் எண்ணெய் தோலிலேயே தேங்குகிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் டெவன் ரெக்ஸின் தோலில் அதிகம் காணப்படுவதும், அது அரிப்பும் பிசுபிசுப்புமாகக் கிளம்புவதும் நன்கு பதிவான செய்தி. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைவு என்றாலும், ஆடியில் ஈரப்பதம் போதுமானதாகவே இருக்கிறது. என் மேசையில் ஒரு டெவனின் முன்னங்காலை எடுத்து நகத்தை வெளியே தள்ளிப் பார்த்தபோது, நகக்கணுவில் புளியைப் பூசியதுபோல் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காதுக்குள் விட்ட பஞ்சும் அதே நிறத்தில் வந்தது. காதுக் குறும்பியை வாரம் ஒரு முறை, மருத்துவர் தரும் கழுவு மருந்தை நனைத்த பஞ்சால், விரல் எட்டும் தூரம் வரை மட்டும் துடைக்க வேண்டும். குச்சி நுழைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வெதுவெதுப்பான நீரில், பூனைக்கென்றே உள்ள ஷாம்பூவால் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றிக் காயவைத்தால் போதும். அழுத்திச் சீவினால் முடி ஒடிந்துவிடும், வெறும் கையால் தடவினாலே போதுமானது.

அந்தப் பூனையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பாட்டி, சுருட்டை முடி வறண்டு கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, பேத்திக்குத் தேய்ப்பதுபோல் தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்திருக்கிறார். ஏற்கெனவே எண்ணெய் தேங்கும் தோலில் இன்னும் எண்ணெய். பூனை அதை நக்கி நக்கி வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. "பூச்சைக்கு எண்ண தேச்சா குளிர்ச்சிதானேங்க டாக்டர்" என்று அவர் கேட்டபோது என்னால் கோபப்பட முடியவில்லை. எண்ணெயை நிறுத்தி, மூன்று வாரம் மருந்துக் குளியல் கொடுத்ததும் சரியாயிற்று. எண்ணெயாவது வயிற்றோடு போயிற்று. நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும், மனிதர்களின் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொன்றுவிடும். ஃபீனைல் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலும் ஆபத்துதான்.

தீனியில் இரண்டு பழக்கங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். பாலும் தயிர்சோறும் பூனை உணவல்ல. இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். இதயத்தைப் பற்றிய அந்த உண்மை 1987-இல்தான் உறுதியாயிற்று. அதேபோல் தினமும் மத்தி மட்டுமே போடுவதும் தவறு, கொழுப்பு மிகுந்த அந்த மீனையே தின்று வளரும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலடிக் கொழுப்பு வீங்கித் தொட்டாலே கத்தும் நோய் வரும். டெவன் எதையும் தின்னும் என்பதால், நேந்திரங்காய் வறுவலிலிருந்து முறுக்கு வரை மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டியிருக்கும். அந்த மூடியையும் திறந்துவிடும்.

இதுதான் நம்மை மூன்றாவது உறுதிக்குக் கொண்டுவருகிறது. பகல் முழுவதும் தூங்கும் என்று உங்களிடம் சொன்னவர் இந்த இனத்தோடு ஒரு நாள்கூட இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். என்னிடம் வந்த டெவன்களில் ஒன்று, நான் கூடையைத் திறந்த மாத்திரத்தில் என் கையைப் பிடித்துத் தோளுக்கு ஏறி, சட்டைப்பையிலிருந்த பேனாவின் மூடியைக் கவ்விக்கொண்டு மருந்தலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. பயந்து ஓடிய பூனைக்கு வால் புடைக்கும், காது படியும். இது அங்கிருந்தபடி மூடியைக் கீழே தட்டிவிட்டு, நான் எடுத்துத் தருகிறேனா என்று எட்டிப் பார்த்தது. இரண்டு, மூன்று வயதிலும் இப்படித்தான் இருக்கும். இது மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் பிராணி. போர்வைக்குள் படுக்கும், சாப்பிடும்போது தட்டருகே உட்காரும், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தும். இதைப் பத்து மணி நேரம் வாரத்துக்கு ஐந்தாறு நாள் தனியே பூட்டி வைத்தால், திரைச்சீலையில் தொங்குவது, ஓயாமல் கத்துவது, தன்னையே நக்கி முடியை உதிர்ப்பது என்று ஏதாவது ஒன்றில் கொண்டுபோய் விடும்.

விளையாட்டுப் பூனைக்கு நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. டியூப் லைட்டுக்கடியில் வரும் பல்லியைச் சுவரில் பாய்ந்து பிடித்துத் தின்னும். பல்லிக்குள் இருக்கும் ஒருவகைத் தட்டைப்புழு பூனையின் பித்தநாளத்துக்குப் போய்த் தங்கி, சோர்வு, வாந்தி, நாளாக ஆக மஞ்சள் காமாலை என்று முற்றும். பல்லி விஷம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். வழக்கமான குடற்புழு மருந்து இதற்குப் போதாது. பல்லி தின்னும் பூனை என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும்.

தனிமைக்கு வழக்கமாக நான் சொல்லும் வழி, இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பது. உங்கள் வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இரண்டு பூனை என்றால் உங்கள் கணவர் மூச்சில் போகும் புரதமும் இரண்டு பங்கு. ஒரு பூனை என்றால் அது தவிக்கும், இரண்டு என்றால் அவர் தவிப்பார். இந்த முடிச்சை முடியின் சுருள் அவிழ்த்துவிடாது. ஆகவே இப்போதைய நிலையில் வேண்டாம் என்பதே என் கருத்து. பகலில் வீட்டில் ஒருவர் இருக்கும் நிலை வந்து, கணவரின் சோதனையும் ஒத்துவந்தால், ஒரே ஒரு குட்டியை, கருத்தடை செய்யும் எண்ணத்தோடு எடுக்கலாம்.

அந்த நாள் வரும்போது, விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. தாய், தந்தை இரண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். டெவனில் பரம்பரைத் தசைநோய் ஒன்று உண்டு. சில வாரக் குட்டியிலிருந்து அரை வயதுக்குள் தலை தொங்கும், நடந்தால் சீக்கிரம் களைத்துப்போகும், முன்னங்காலை எங்காவது ஊன்றிக்கொண்டு நிற்கும், தீனி தொண்டையில் அடைத்துச் செத்தும் போகும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒற்றி எடுத்து அனுப்பும் மரபணுச் சோதனையில் பெற்றோர் அதைச் சுமக்கின்றனவா என்று தெரிந்துவிடும். இதயத் தசை தடிப்பதும் முழங்கால் சில்லு நழுவுவதும் இந்த இனத்தில் பார்க்க வேண்டியவை; இதயத்துக்கு ஸ்கேன் வேண்டும் என்பதால் மண்ணுத்திக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்புவேன். 2021-இல் பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பின் அந்தப் பயணம் முன்போல் வதை அல்ல. இரத்த வகையையும் குறித்து வையுங்கள். நாட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை ஏ வகை, டெவனில் பி வகை மிக அதிகம். பி வகைப் பூனைக்கு ஏ வகை இரத்தத்தை ஏற்றினால் முதல் முறையிலேயே உயிர் போகலாம். மயக்க மருந்து இந்த இனத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று வளர்ப்பவர்கள் பேசிக்கொள்வதற்கு மட்டும் நல்ல ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை; மெலிந்த உடம்பு மேசையில் சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது உண்மை, அதற்குச் சூடான விரிப்பு போதும். தடுப்பூசிகளையும் வெறிநோய் ஊசியையும் எந்தப் பூனைக்கும் போடுவதுபோல் தவறாமல் போட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போவதாக இருந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் கூடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குட்டியின் மீசையையும், நகக்கணுவையும், தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். தாய்ப் பூனை ஊரில் இருக்கிறது, அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று அவர் சொன்னால், முன்பணத்தையும் அடுத்த வாரமே பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.